"பிரமாதம்!" என்றால் போதுமா? கல்யாண போட்டோக்காரருக்குத் தேவை உண்மையான நாலு வார்த்தை

தாலி கட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு நிமிடம்கூட ஆகாது. "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று குரல் எழுகிறது. நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன. அட்சதை மழையாகப் பொழிகிறது. மணமகன் முடிச்சுப் போடுகிறார். நாத்தனார் கைகொடுக்கிறார். முடிந்தது!

அந்த ஒரு நிமிடத்தைப் படமாக்குவதற்கென்று ஒருவர் காமிராவுடன் நிற்கிறார். அவர்தான் கல்யாண போட்டோக்காரர். அவர் கோட்டை விட்டால் என்ன ஆகும்? "படம் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை தாலி கட்டுங்கள்" என்று கேட்க முடியுமா?

முடியாது!

அதனால்தான் கல்யாண வீட்டார் பலமுறை யோசிக்கிறார்கள். "இதற்கு முன்னால் எடுத்த படங்களைக் காட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டி போய் செல்போன் வந்தது

முன்பெல்லாம் போட்டோ ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் மணமக்கள் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "இந்தப் பெண்ணின் கண் மூடியிருக்கிறதே!" என்று யாராவது சொன்னால், அது உள்ளே இருக்கும் போட்டோக்காரர் காதில் விழும். மறுநாள் அந்தப் படம் அங்கே இருக்காது!

இப்போது அந்தக் கண்ணாடிப் பெட்டி செல்போனுக்குள் போய்விட்டது. போட்டோக்காரர்கள் தங்கள் படங்களை இணையத்தில் வைக்கிறார்கள். பெண் வீட்டார் ஓர் ஊரில் இருந்து பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறோர் ஊரில் இருந்து பார்க்கிறார்கள். பிடித்தால் கூப்பிடுகிறார்கள். பிடிக்காவிட்டால், விரலால் தள்ளிவிட்டு அடுத்தவர் படங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

ஏன் பிடிக்கவில்லை? அதை யாரும் சொல்வதில்லை. போட்டோக்காரருக்குத் தெரிவதும் இல்லை. ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று தெரியாமலே அவர் காத்திருக்கிறார். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்த மாதங்களும் கைநழுவிப் போனால், காமிரா வாங்கிய கடனுக்குத் தவணை கட்டுவது எப்படி?

ஆகவே, மாதிரிப் படங்களைப் பார்த்து உண்மையாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளப் போட்டோக்காரருக்கும் மனம் வேண்டும்.

காக்கைக்குத் தன் குஞ்சு

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பது பழமொழி. போட்டோக்காரருக்கும் அப்படித்தான்.

ஒரு படத்தை எடுக்க அவர் பட்ட பாடு அவருக்குத் தெரியும். கூட்டத்தில் இடி வாங்கியிருப்பார். நாற்காலி மேல் ஏறி நின்றிருப்பார். ஓமப் புகையில் கண் எரிந்திருக்கும். அத்தனையும் சேர்ந்து அந்தப் படம் அவருக்கு உயர்வாகத் தெரிகிறது.

பார்ப்பவருக்கோ அந்தக் கஷ்டம் எதுவும் தெரியாது. அவர் கண்முன் இருப்பது படம் மட்டும்தான். அது நன்றாக இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் அவருக்குக் கணக்கு.

பத்திரிகை அலுவலகங்களில் படம் எடுப்பவர் ஒருவர். எதைப் போடுவது என்று பொறுக்குபவர் வேறொருவர். காரணம் இதுதான். பட்ட பாட்டை மறந்து படத்தை மட்டும் பார்க்க, எடுத்தவரால் எளிதில் முடியாது.

தேனும் வேண்டாம், தேளும் வேண்டாம்

போட்டோக்காரர் படங்களைக் காட்டினால் என்ன நடக்கிறது?

நண்பர்கள் "பிரமாதம்!" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் "சூப்பர்!" என்கிறார்கள். தேன் போல இனிக்கிறது. ஆனால் எந்தப் படம் பிரமாதம்? எதனால் பிரமாதம்? தெரியாது. அடுத்த கல்யாணத்தில் எதைத் திரும்பச் செய்வது என்றும் தெரியாது.

வேறு சிலர் இருக்கிறார்கள். "ஒன்றும் சரியில்லை" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். தேள் கொட்டியது போல வலிக்கிறது. அதிலும் பயன் இல்லை. எதைத் திருத்துவது என்று அவர்கள் சொல்லவில்லையே!

அப்படியானால் எப்படிச் சொல்வது?

ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில் தொடங்கி ஓராண்டு ஆகிறது. அவருடைய மாதிரிப் படங்களை, பல ஆண்டுகளாக ஸ்டூடியோ நடத்தும் ஒரு மூத்தவர் பார்க்கிறார். பேச்சு இப்படிப் போகிறது:

"தம்பி, மொத்தம் எத்தனை படம் வைத்திருக்கிறாய்?"

"60 படம், அண்ணே."

"எத்தனை கல்யாணத்தில் எடுத்தது?"

"நாலு கல்யாணம்."

"சரி. இந்த மூன்றாவது படத்தைப் பார். மணப்பெண் சிரிக்கிறாள். நல்ல சிரிப்பு. சரியான நேரத்தில் பிடித்திருக்கிறாய். ஆனால் என் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை. பின்னால் இருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போகிறது."

"அன்றைக்கு நகர முடியவில்லை, அண்ணே. அவ்வளவு கூட்டம்."

"கூட்டம் இருந்தது உனக்குத் தெரியும். படம் பார்க்கிறவருக்குத் தெரியாதே! ஓர் அடி இடது பக்கம் நகர்ந்திருந்தால், நாற்காலி மறைந்து வாழைமரம் வந்திருக்கும். அடுத்த தடவை கவனி."

இந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எந்தப் படம் என்று மூத்தவர் சுட்டிக்காட்டினார். தம் கண் எங்கே போயிற்று என்று சொன்னார். என்ன செய்திருக்கலாம் என்றும் சொன்னார். நடுவில், நன்றாக இருந்ததை நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் அவர் தவறவில்லை.

இளைஞரை அவர் திட்டவில்லை. "நீ கெட்டிக்காரன் இல்லை" என்று சொல்லவில்லை. படத்தைப் பற்றி மட்டுமே பேசினார். அதனால்தான் அது மனதில் நிற்கிறது.

எதை எதைக் கவனிப்பது?

"எங்களுக்குக் காமிராவைப் பற்றி எதுவும் தெரியாதே! நாங்கள் எப்படிச் சொல்வது?" என்று சிலர் கேட்கலாம். காமிரா தெரிய வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். இதோ, கவனிக்க வேண்டிய 6 விஷயங்கள்:

1. முதல் படம்: கதவைத் திறந்ததும் தெரிவது திண்ணைதான். முதலில் வரும் 4, 5 படங்கள் நன்றாக இல்லாவிட்டால், 20-வது படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதுவரை யாரும் வரமாட்டார்கள். செல்போனில் சிறிதாகப் பார்த்தாலும் அந்தப் படம் புரிகிறதா?

2. வெளிச்சம்: மண்டபத்தில் ஒரு பக்கம் மஞ்சள் பல்பு. மறுபக்கம் வெள்ளை விளக்கு. மேடையில் ஊதா விளக்கு. இவை எல்லாம் கலந்தால் முகம் ஒரு நிறமாகவும் கை ஒரு நிறமாகவும் தெரியும். சிவப்புத் துணிப் பந்தலில் பிளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்பினால், முகமெல்லாம் சிவப்பாகிவிடும். பிளாஷை நேராக அடித்தால் நெற்றி வேர்வை பளபளக்கும்.

3. பின்னணி: மாப்பிள்ளையின் தலைக்குமேல் கம்பம் முளைத்திருக்கிறதா? தாலி கட்டும் படத்தில் யாராவது ஒருவரின் முதுகு பாதிப் படத்தை மறைக்கிறதா?

4. கூட்டப் படம்: பரந்த காட்சியைப் பிடிக்கும் லென்ஸில் எடுத்தால், ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் இழுபட்டு அகலமாகத் தெரியும். அத்தைக்குக் கோபம் வரும். கோபம் நியாயமானதுதான்!

5. ஒரே மாதிரிப் படங்கள்: மணப்பெண் கண்ணாடி பார்க்கும் படம் 7 இருக்கிறதா? ஒன்று போதும். மற்ற 6-ஐயும் எடுத்துவிட்டால், அந்த ஒன்றுக்கு மதிப்புக் கூடும்.

6. விட்டுப்போனவை: மணமக்கள் மட்டுமே இருக்கிறார்களா? மாலை மாற்றுவது, அம்மி மிதிப்பது, பந்தி நடப்பது, பாட்டி ஆசீர்வதிப்பது எங்கே? சர்ச்சில் நடந்த கல்யாணமும், நிக்காஹும், எளிய பதிவுத் திருமணமும் எடுத்திருந்தால், அவற்றிலும் ஒவ்வொன்று இருக்கட்டும். வருகிறவர் தம் வீட்டுக் கல்யாணம் எப்படி அமையும் என்று அவற்றில் தேடுவார்.

பெண்ணின் நிறத்தை மாற்றலாமா?

இன்னொரு குறை இருக்கிறது. அதைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள்.

மாநிறமான பெண்ணைப் படத்தில் வெள்ளைவெளேர் என்று மாற்றிவிடுகிறார்கள். தோலில் இருக்கும் சின்னக் கோடுகூட இல்லாமல் தேய்த்துவிடுகிறார்கள். முகம் பொம்மை போல ஆகிவிடுகிறது. ஆல்பத்தைப் பார்க்கும் தாய், "இது என் மகளா?" என்று திகைக்கிறாள்.

இந்தத் தொல்லை இன்று பிறந்தது அல்ல. பிலிம் இருந்த காலத்தில், படம் சரியான நிறத்தில் அச்சாகிறதா என்று பார்க்க, அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அச்சிடும் கூடங்களுக்குக் கொடுத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. "ஷர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுப்பு நிற மக்களின் முகங்கள் அதனால் சரியாக விழாமல் போயின. பல நிறப் பெண்கள் ஒன்றாக இருக்கும் அட்டையை அந்த நிறுவனம் கொண்டுவந்தது 1990-களில்தான்!

இன்றைய காமிராவில் எல்லா நிறத்தையும் உள்ளபடியே எடுக்க முடியும். எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் மாற்றுவது மனிதர்கள்தான். ஆகவே, "பெண்ணின் நிறம் மாறியிருக்கிறது. அவள் உள்ளபடியே அழகாக இருக்கிறாள்" என்று போட்டோக்காரரிடம் துணிந்து சொல்லலாம். குடும்பத்தாரே வெளுக்கச் சொல்லியிருந்தால், அவர்களிடமும் அதைச் சொல்லலாம்.

புகைப்படச் சங்கம் கேட்பது 10 படம்!

எத்தனை படம் வைக்கலாம்?

லண்டனில் 1853-ம் ஆண்டு ஒரு புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி. திறமையுள்ளவர்களுக்கு அது பட்டங்கள் வழங்குகிறது. முதல் பட்டத்துக்கு எத்தனை படம் கொடுக்க வேண்டும் தெரியுமா? 10 படம்தான்! அடுத்த பட்டத்துக்கு 15.

அந்தப் படங்களைத் தனித்தனியாக மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அனைத்தும் சேர்ந்து ஒரு தொகுப்பாக இருக்கின்றனவா, எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன என்றும் பார்க்கிறார்கள். தேறாதவர்களுக்கு என்ன குறை என்று சொல்லியனுப்புகிறார்கள்.

இதில் கல்யாண போட்டோக்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. 60 சுமாரான படங்களைவிட, பொறுக்கி எடுத்த 20 நல்ல படங்கள் மேல். ஒரு குடம் பாலைக் கெடுக்க ஒரு துளி விஷம் போதும். பார்ப்பவர் மனதில் கடைசியில் நிற்பது, பல சமயங்களில் அந்த ஒரு மோசமான படம்தான். "இப்படியும் எடுப்பாரோ?" என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

கேட்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

குறை சொல்வது கஷ்டம். அதைக் கேட்டுக்கொள்வது இன்னும் கஷ்டம்!

"கூட்டம் அதிகம், அண்ணே" என்று அந்த இளைஞர் சொன்னாரல்லவா? அது எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் ஒரு சமாதானம் சொல்லத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். "நமக்கு எதற்கு வம்பு?" என்று "பிரமாதம்" பாட்டையே பாடிவிட்டுப் போய்விடுவார். நஷ்டம் யாருக்கு?

ஆகவே, கேட்கும்போது பேசக்கூடாது. ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஆறப்போட்டு, மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். கோபம் தணிந்திருக்கும். உண்மை தெரியும்.

"எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இதில் 5 படங்களை எடுத்துவிட வேண்டும். எந்த ஐந்தை எடுக்கலாம்?" என்று கேட்டுப்பாருங்கள். எதிரில் இருப்பவர் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கிவிடுவார்!

ஒருவர் சொன்னால் அது அவருடைய விருப்பமாக இருக்கலாம். ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் அதே படத்தைக் காட்டினால், குறை படத்தில்தான் இருக்கிறது.

சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. ஒரு படத்தில் மணப்பெண்ணின் தந்தை கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். படம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. தொழில் தெரிந்தவர், "தெளிவு இல்லை, எடுத்துவிடு" என்பார். ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதை மட்டும் எடுத்துவிடாதே, அப்பா!" என்பாள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சொல்வது சரிதான்! தொழில்காரர் கையின் குறையைச் சொல்கிறார். தாய் மனதில் பட்டதைச் சொல்கிறாள். நாளைக்குப் பணம் கொடுத்து அழைக்கப்போகிறவள் அந்தத் தாய்தான். ஆகவே தொழில்காரரிடமும் கேட்க வேண்டும், தொழில் தெரியாதவரிடமும் கேட்க வேண்டும். கடைசி முடிவு போட்டோக்காரருடையது. அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம். அடுத்த கல்யாணத்தில் கை அசையாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

அனுமதி கேட்டீர்களா?

படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர்கள் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இவற்றை வெளியிட அந்தக் குடும்பத்திடம் அனுமதி வாங்கினாயா?"

"நான் எடுத்த படம், எனக்குச் சொந்தம்" என்று பல போட்டோக்காரர்கள் நினைக்கிறார்கள். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் பணம் கொடுத்து, தம் வேலையாகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர்!

ஆகவே, முன்பணம் வாங்கும்போதே, "உங்கள் படங்களில் சிலவற்றை மாதிரியாகக் காட்டலாமா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சிலர் சம்மதிப்பார்கள். சிலர் மறுப்பார்கள். மறுத்தால் அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகக்கூடாது. பெண்ணைப் பெற்றவர்களின் நம்பிக்கை, ஒரு படத்தைவிடப் பெரியது.

கல்யாண வீட்டாருக்கு ஒரு யோசனை

மாதிரிப் படங்களில் இருப்பவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய முத்துக்கள். ஒரே கல்யாணத்தில் அவர் முழுவதும் எப்படி எடுத்தார் என்பது அதில் தெரியாது. ஆகவே, "ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல தொழில்காரர் இதற்குக் கோபப்படமாட்டார்.

உங்கள் வீட்டு ஆல்பம் கைக்கு வந்த பிறகும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. எந்தப் படத்தைக் கண்டு வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தார்கள், எந்த உறவினர் ஒரு படத்தில்கூட இல்லை என்று போட்டோக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நல்லதை நாலு பேர் முன்னால் சொல்லலாம். குறையைத் தனியாகச் சொல்லுங்கள். உங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் இனிமேல்தானே நடக்கப்போகிறது! உங்கள் சொல் அங்கே உதவும்.

உங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன் செல்போனை நீட்டி, "நான் எடுத்த படங்கள். எப்படி இருக்கின்றன?" என்று கேட்கக்கூடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். நன்றாக இருக்கும் ஒன்றைக் காட்டுங்கள். எடுத்துவிட வேண்டிய ஒன்றையும் காட்டுங்கள். ஏன் என்று சொல்லுங்கள்.

அவன் முகம் முதலில் கொஞ்சம் வாடும். அடுத்த முகூர்த்தத்தில் அவன் கை தேறியிருக்கும்!